சாவுக் கணக்கால் ஒரு மக்களை அறிய முடியாது

(நவம்பர் 29, பாலஸ்தீன மக்களுடன் ஒருமைப்பாட்டு நாளையொட்டி மும்பையில் நடந்த நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் சங்க அமைப்பாளர் ஆற்றிய உரை. வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டபடி இங்கே வெளியிடுகிறோம்.)



இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுக்கப் போனபோது சில தோழர்கள் முகத்துக்கு நேரே கேட்டார்கள். "குடிசைப் புனரமைப்பில் யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்று தெரியவில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பாலஸ்தீனத்து ஆட்டமும் பாட்டும் சாப்பாடும் நமக்கு எதற்கு?" என்றார்கள். ஒரு தாய் இன்னொன்று கேட்டார். "அங்கே பிள்ளைகள் பட்டினியால் செத்தார்கள். நாம் அவர்கள் சாப்பாட்டைச் சமைத்துச் சாப்பிட்டுக் கொண்டாடுவது அடுக்குமா?"

இரண்டும் நியாயமான கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த மக்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? பத்திரிகையில் வந்த எண்கள் தெரியும். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். 251 பேர் பிணையாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். வீட்டிலிருந்தவர்களையும் விழாவுக்கு வந்தவர்களையும் கொன்றதை எந்தத் தொழிலாளியும் சரி என்று சொல்ல மாட்டான். அதன் பிறகு இஸ்ரேல் காஸாவின் மேல் நடத்திய போரில் 2025 ஜூலை முடிவதற்குள் 60,000 பேருக்கு மேல் மாண்டார்கள் என்று காஸா சுகாதார அமைச்சகம் கணக்குச் சொன்னது. 2025 ஆகஸ்டில் காஸா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக ஐ.நா. ஆதரவு பெற்ற நிபுணர் குழு அறிவித்தது. அக்டோபரில் போர்நிறுத்தம் வந்த பின்னும் சாவு அடியோடு நின்றுவிடவில்லை.

இந்த எண்கள் தேவைதான். ஆனால் எண்களால் மட்டும் ஒரு மக்களை அறிந்தவர்கள், அந்த எண் சிறுத்ததும் அவர்களை மறந்துவிடுவார்கள். அனுதாபம் வேறு, அறிமுகம் வேறு. அனுதாபம் செய்தித்தாள் பழசாகும்போது தானும் பழசாகிவிடும். அறிமுகம் அப்படியல்ல. அறிமுகமான வீட்டில் இழவு என்றால் கால் தானாக நடக்கும்.

இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுபதுகளின் கடைசியில் இந்த நகரத்தில் தென்னிந்தியர் கடைகளும் ஓட்டல்களும் தாக்கப்பட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்போது நம்மை இந்த ஊர் எப்படி அறிந்திருந்தது? 'மதராசி', 'லுங்கிக்காரன்' என்ற இரண்டு சொல்லால்தான். நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டவன், நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவன் கல்லெடுக்கவில்லை. அறியாதவன்தான் எடுத்தான்.

ரயில் ஓடிய நாடு

ஆள் இல்லாத பாலைவனத்தில் பிறகு யாரோ வந்து குடியேறினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. நான் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. எனக்குத் தெரிந்த தொழிலை வைத்தே பதில் சொல்கிறேன்.

யாஃபா துறைமுகத்திலிருந்து ஜெருசலேத்துக்கு 1892-இல் ரயில் ஓடியது. ஹைஃபாவிலிருந்து சிரியாவின் தெரா வரை 1905-இல் ஹிஜாஸ் ரயில்வேயின் கிளைப்பாதை திறக்கப்பட்டது. ஆள் இல்லாத இடத்தில் யார் டிக்கெட் வாங்கினார்கள்? யார் மூட்டை ஏற்றினார்கள்? ஹைஃபாவில் அரபு ரயில் தொழிலாளிகள் முன்னின்று 1925-இல் பாலஸ்தீன அரபுத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். 1946 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துத் தபால், தந்தி, ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அரபுத் தொழிலாளியும் யூதத் தொழிலாளியும் ஒன்றாக நின்றார்கள். இது நடந்த வரலாறு. அந்த மண்ணில் சேர்ந்து நிற்க முடியாது என்று சொல்கிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டே, 1947 நவம்பர் 29 அன்று, நாட்டைப் பிரிக்கும் தீர்மானம் ஐ.நா.வில் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த 13 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதனால்தான் அந்தத் தேதியில் இன்று கூடியிருக்கிறோம். 1948-இல் ஏழு லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் காலியாயின. இதை அவர்கள் 'நக்பா' என்கிறார்கள். பேரழிவு என்று பொருள். ஐ.நா. நிவாரண அமைப்பில் பதிவான பாலஸ்தீன அகதிகள் இன்று சுமார் 59 லட்சம் பேர்.

வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவர்கள் சில நாளில் திரும்புவோம் என்று நினைத்தார்கள். அந்தச் சாவிகள் இன்றும் பேரப்பிள்ளைகளிடம் இருக்கின்றன. பல இடங்களில் கதவு இல்லை, சுவரே இல்லை. அப்படியானால் அவர்கள் ஊர் எங்கே இருக்கிறது?

ஊசியில் இருக்கும் ஊர்

தாய்மார்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் ஊர் ஊசியில் இருக்கிறது.

பாலஸ்தீனக் கிராமப் பெண்ணின் நீண்ட அங்கிக்குத் 'தோப்' என்று பெயர். அதன் மார்பிலும் ஓரத்திலும் கைத்தையல் வேலைப்பாடு இருக்கும். அதற்குத் 'தத்ரீஸ்' என்று பெயர். ஒரு பெண் சந்தைக்கு வந்தால், அவள் எந்த வட்டாரம், எந்த ஊர் என்று தையலைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ரமல்லா பக்கத்தில் வெள்ளை, கறுப்புத் துணியில் சிவப்பு நூல். பெத்லகேமில் பொன், வெள்ளிச் சரடு. தெற்கே நெகேவ் பெதூயின் பெண்களிடம் மணமானவளுக்குச் சிவப்பு, விதவைக்கு நீலம். சைப்ரஸ் மரம், பறவை, நட்சத்திரம் என்று தாய் தைத்ததை மகள் எண்ணித் தைப்பாள். அளவு புத்தகம் கிடையாது, நினைவுதான்.

எங்கள் பார்சல் ஆபீசில் ஒவ்வொரு மூட்டையிலும் மார்க்கா இருக்கும். எந்த ஸ்டேஷனிலிருந்து வந்தது, யாருடையது என்று அது சொல்லும். மார்க்கா அழிந்த மூட்டை உரிமையாளர் இல்லாத சரக்காகிவிடும். கொஞ்ச நாள் வைத்திருந்து ஏலம் போட்டுவிடுவார்கள். கூடாரத்துக்குத் துரத்தப்பட்ட பாலஸ்தீனப் பெண்கள் தங்கள் மார்க்காவை அழியவிடவில்லை. முகாமில் பிறந்த பெண் தான் பார்த்தேயிராத ஊரின் தையலைத் தன் அங்கியில் போடுகிறாள்.

இதில் பிழைப்பும் இருக்கிறது. 1965-இல் அல்பீரே நகரில் சமீஹா கலீல் என்ற அம்மையார், குடும்பங்களுக்குக் கைகொடுக்கப் பெண்கள் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். பெண்கள் தையல் வேலை செய்து கூலி பெற்றார்கள். பழைய உடைகளையும் வழக்கங்களையும் கதைகளையும் சேகரித்து வைத்தார்கள். அந்த அம்மையார்தான் 1996 தேர்தலில் யாசர் அராபத்தை எதிர்த்து அதிபர் பதவிக்கு நின்றவர்! தையல்காரி என்று யாரையும் லேசாக எண்ணாதீர்கள்.

1967-க்குப் பிறகு ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் பாலஸ்தீனக் கொடியை ஏற்றத் தடை இருந்தது. 1987-இல் மக்கள் எழுச்சி தொடங்கியதும் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கொடியை அங்கியிலேயே தைத்துக்கொண்டார்கள். கம்பத்திலிருந்து கொடியை இறக்கலாம்; ஒரு தாயின் உடலிலிருந்து எப்படி இறக்குவது? அந்தத் தையற்கலையை 2021-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

சுமைதூக்கியும் தர்ப்பூசணியும்

சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். ஒரு கிழவர், வெறுங்கால். முதுகில் மூட்டை. மூட்டைக்குள் ஜெருசலேம் நகரமே இருக்கிறது. இதை 1973-இல் வரைந்தவர் சுலைமான் மன்சூர். இது சுவரொட்டியாக அச்சாகி ஏழை வீடுகளில் தொங்கியது. நம் ஸ்டேஷனில் சிவப்புச் சட்டை போட்ட சுமைதூக்கியைத் தினம் பார்க்கிறோம். அவர் இறக்கி வைத்துவிட்டுக் கூலி வாங்குவார். படத்தில் உள்ள கிழவருக்கு இறக்கி வைக்க இடம் இல்லை.

1980-இல் ரமல்லாவில் ஓர் ஓவியக் கண்காட்சியை இஸ்ரேல் ராணுவம் மூடியது. சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை நிறங்களைச் சேர்த்துப் போடக் கூடாது, அது கொடி நிறம் என்று அதிகாரி சொன்னதாக மன்சூர் நினைவுகூர்ந்திருக்கிறார். பூ வரைந்தால்? கூடாது. தர்ப்பூசணி வரைந்தால்? அதுவும் கூடாது. தர்ப்பூசணிக்குப் பயந்த அரசாங்கத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறதல்லவா? அந்தச் சிரிப்புதான் இன்று உலகம் முழுக்கத் தர்ப்பூசணித் துண்டாகச் சுவர்களில் இருக்கிறது. எழுச்சிக் காலத்தில் மன்சூரும் நண்பர்களும் இஸ்ரேலியக் கடை வண்ணங்களை வாங்குவதில்லை என்று முடிவு செய்து, மண், வைக்கோல், தோல், மருதாணி கொண்டு படம் செய்தார்கள்.

பிள்ளைகளுக்கு ஹன்தலாவை அறிமுகம் செய்கிறேன். ஒட்டுப்போட்ட சட்டை, வெறுங்கால், கைகளைப் பின்னால் கட்டி நமக்கு முதுகு காட்டி நிற்கும் பத்து வயதுப் பையன். கேலிச்சித்திரக்காரர் நாஜி அல்-அலி 1969-இல் உருவாக்கியது. அவர் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டபோது அவருக்கு அந்த வயதுதான். திரும்பிப் போகும்வரை ஹன்தலா வளரமாட்டான் என்றார். அரபு மன்னர்களையும் தம் சொந்தத் தலைவர்களையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. 1987-இல் லண்டன் தெருவில் அவரைச் சுட்டார்கள். அந்த ஆகஸ்டில் இறந்தார். பையன் இன்னும் நிற்கிறான்.

கவிழ்த்த சோறு

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். பட்டினி கிடந்தவர்களின் சாப்பாட்டைக் கொண்டாடலாமா?

பாலஸ்தீனர் என்றாலே நிவாரண மாவு மூட்டைக்குக் கையேந்துபவர் என்ற படம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. அவர்கள் கையேந்திப் பிறந்தவர்கள் அல்ல, விருந்து வைத்தவர்கள். அதைத் தெரிந்துகொண்டால்தான் பட்டினி எவ்வளவு பெரிய அக்கிரமம் என்று புரியும்.

அவர்களுடைய முதல் மரம் ஆலிவ். அக்டோபர், நவம்பரில் அறுவடை. குடும்பம் முழுவதும், பக்கத்து வீட்டாரும் சேர்ந்து காய் பறிப்பார்கள். மேற்குக் கரையிலும் காஸாவிலும் 80,000 முதல் 1,00,000 குடும்பங்கள் வரை இந்த மரத்தை நம்பியிருந்ததாக ஐ.நா. கணக்குகள் கூறுகின்றன. அறுவடை நாளில் குடியேறிகள் வந்து மரத்தை வெட்டுவதும் ஆளை அடிப்பதும் ஆண்டுதோறும் செய்தியாகின்றன. புது எண்ணெய் வந்ததும் 'முசக்கன்' செய்வார்கள். தந்தூர் போன்ற அடுப்பில் சுட்ட ரொட்டி, அதன்மேல் எண்ணெயில் வதக்கிய ஏராளமான வெங்காயம், சுமாக் என்ற புளிப்புப் பொடி, கோழி. கையால் பிய்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

ஸாத்தர் என்று ஒரு மலைச்செடி. ஓமவல்லி வாசனையை ஒத்தது. அதைக் காயவைத்துப் பொடித்து எள், சுமாக், உப்புச் சேர்ப்பார்கள். நமக்கு இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் எப்படியோ, அவர்களுக்கு ஸாத்தரும் ஆலிவ் எண்ணெயும். 1977-இல் இஸ்ரேல் அரசு, செடி அழிந்துவிடும் என்று காரணம் சொல்லிக் காட்டு ஸாத்தரைப் பறிக்கத் தடை போட்டது. பாட்டி காலத்திலிருந்து மலையில் பறித்தவர்கள் அபராதம் கட்டினார்கள்.

இன்று நம் சமையல் குழு செய்திருப்பது 'மக்லூபா'. கவிழ்த்தது என்று பொருள். பாத்திரத்தின் அடியில் கறி, அதன்மேல் பொரித்த கத்தரிக்காய், பூக்கோசு, மேலே அரிசி. வெந்ததும் பெரிய தட்டைப் பாத்திரத்தின் மேல் வைத்து அப்படியே கவிழ்ப்பார்கள். உடையாமல் கோபுரமாய் நிற்க வேண்டும். எல்லாமே நம் மார்க்கெட்டில் கிடைக்கும் சாமான். தனியாக உட்கார்ந்து சாப்பிடும் பண்டம் அல்ல இது. கவிழ்க்கும்போது வீடே சுற்றி நிற்கும். அப்புறம் பேச்சு தொடங்கும்.

எந்த ஊர்?

அந்தப் பேச்சில் முதல் கேள்வி என்ன தெரியுமா? "எந்த ஊர்?" லெபனான் முகாமில் பிறந்த பிள்ளையைக் கேட்டால் முகாமின் பெயரைச் சொல்லாது; தாத்தாவின் கிராமத்தைச் சொல்லும். முகாம்களில் பல தெருக்களுக்குப் பறிபோன கிராமங்களின் பெயர்களே வழங்குகின்றன. குளிர்கால இரவில் பாட்டிகள் பிள்ளைகளுக்குச் சொல்லும் 'ஹிகாயே' கதைகளிலும் அந்த ஊர்ப் பேச்சு அப்படியே வாழ்கிறது. திருமணத்தில் தோளோடு தோள் சேர்ந்து தரையை மிதித்து ஆடும் 'தப்கே', ஊர் கூடி மண்கூரையை மிதித்துக் கெட்டிப்படுத்திய வேலையிலிருந்து பிறந்தது என்பார்கள். உழைப்பில் பிறந்த ஆட்டம். தனி ஆளால் ஆட முடியாது.

பிழைக்கப் போன பாலஸ்தீனரைப் பற்றி கஸ்ஸான் கனஃபானி 1963-இல் ஒரு நாவல் எழுதினார். குவைத்துக்குப் போய்ச் சம்பாதிக்க நினைத்த மூன்று பேர், காலித் தண்ணீர் லாரியின் டேங்குக்குள் ஒளிந்து எல்லையைத் தாண்டப் பார்க்கிறார்கள். சோதனைச் சாவடியில் அதிகாரிகள் டிரைவரிடம் வெட்டிப் பேச்சுப் பேசி நேரத்தைக் கடத்துகிறார்கள். உள்ளே மூவரும் வெந்து சாகிறார்கள். ஏஜெண்டிடம் பணம் கட்டி வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கின்றன. அவர்களுக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை. கனஃபானியை 1972-இல் பெய்ரூட்டில் காரில் குண்டு வைத்துக் கொன்றார்கள். கூடவே அவருடைய அக்காள் மகளும் இறந்தாள்.

நாமும் அவர்களும்

ஒரு எச்சரிக்கை, தோழர்களே. நாமும் அவர்களும் ஒன்று என்று பேசிவிடக் கூடாது. நாம் மழை பொய்த்து, வேலை தேடி ரயிலேறியவர்கள். பொங்கலுக்கு டிக்கெட் கிடைத்தால் நமக்கு ஊர் இருக்கிறது. வீடு இடிந்திருந்தாலும் மனை இருக்கிறது. அவர்களுக்குத் திரும்பும் டிக்கெட்டை விற்கும் கவுண்டரே இல்லை. நமக்குப் பண்பாடு என்பது ஊர் நினைவு. அவர்களுக்கு அதுவே பட்டா, அதுவே சாட்சி. காஸாவில் நூற்றுக்கும் மேற்பட்ட பண்பாட்டுச் சின்னங்கள் சேதமானதை யுனெஸ்கோ சரிபார்த்துச் சொல்லியிருக்கிறது. அந்தக் கட்டடங்களோடு சாட்சிகளும் அழிந்தார்கள். ஆங்கில இலக்கியம் கற்பித்த கவிஞர் ரிஃபாத் அலரீர் 2023 டிசம்பரில் விமானத் தாக்குதலில் குடும்பத்தினரோடு மாண்டார்.

"இது முஸ்லிம் விவகாரம்" என்று சிலர் ஒதுக்குகிறார்கள். பெத்லகேமில் வாழும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர் யார்? ஜெருசலேத்தில் பிறந்த எட்வர்ட் செய்த் யார்? கிறிஸ்தவர்தான். போரை எதிர்த்துத் தெருவில் நின்ற யூதர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். மதத்தை வைத்து மனிதனைப் பிரிக்கிற பழக்கத்தை நம் சங்கத்துக்குள் விடமாட்டோம்.

"நம் நாட்டுப் பிரச்சினையைப் பாருங்கள்" என்கிறார்கள். ஆசாத் மைதானத்தில் காஸாவுக்காகக் கூட்டம் நடத்த அனுமதி கேட்ட மனுவை 2025 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, நீதிபதிகளும் இதே கருத்தைச் சொன்னதாகப் படித்தோம். பணிவோடு சொல்கிறேன். 1974-இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அங்கீகரித்த முதல் அரபு அல்லாத நாடு இந்தியா. 1988 நவம்பரில் பாலஸ்தீன அரசையும் அங்கீகரித்தது. ஜெருசலேத்தில் பாபா ஃபரீத் தங்கியதாகச் சொல்லப்படும் இடத்தில் இந்திய யாத்ரீகர் விடுதி இன்றும் இருக்கிறது. எனவே இது நம் நாட்டுக்குப் புதிய விஷயம் அல்ல. சம்பள பாக்கிக்கு நாளைக் காலை லேபர் ஆபீசுக்குப் போகத்தான் போகிறோம். ஒரு வீடு இடிபடுவதன் வலியைத் தூரத்தில் இருப்பவருக்காக உணரப் பழகியவன், பக்கத்துச் சந்தில் புல்டோசர் வரும்போது கதவைச் சாத்திக்கொள்ள மாட்டான்.

கடைசியாக மூன்று வேண்டுகோள். சாப்பிடும்போது பண்டத்தின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மக்லூபா என்று அவர்கள் சொல்லட்டும். தையல் தெரிந்த பெண்கள் ஞாயிறு வகுப்பில் அந்தச் சைப்ரஸ் மரத்தைத் தைத்துப் பாருங்கள். விற்க அல்ல, எவ்வளவு பொறுமை வேண்டும் என்று கை அறிவதற்காக. பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் நம் ஊர்ப் பெயர், தெருப் பெயர், குளத்தின் பெயர் கேட்டு நோட்டில் எழுதி அடுத்த மாதம் கொண்டுவாருங்கள். ஊர்ப் பெயரைக் காப்பாற்றுவது எப்படி என்பதைப் பாலஸ்தீனரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

உள்ளே பாத்திரத்தைக் கவிழ்க்கத் தயாராகிவிட்டார்கள். சோறு ஆறும்முன் முடித்துக்கொள்கிறேன். எல்லோரும் சுற்றி நில்லுங்கள்.